ஒளியை முந்திய நாற்பத்தேழாம் கேள்வி

ஜூன் 5, திங்கள்

காலையில் தபால் பிரித்தேன். மூன்று பள்ளிகள் புத்தகம் கேட்டிருந்தன. ஒருவர் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரைத் தப்பாக அடித்துவிட்டோம் என்று திட்டியிருந்தார். கடைசிக் கடிதம் திண்டுக்கல்லில் இருந்து. சகாயமேரி என்ற ஆசிரியை எழுதியது. அதை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்.

"ஐயா, தங்கள் 'சங்கரபாகம் இயற்பியல் வினா விடை' நூலின் எண்பத்தெட்டாம் பக்கத்தில், நாற்பத்தேழாம் கேள்வியின் விடைப்படி ஒரு புரோட்டான் ஒளியைப் போல் 1.73 மடங்கு வேகத்தில் போகிறது. ஒளியை எதுவும் முந்த முடியாது என்று நூறு வருடமாக உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. தாங்கள் அதை ஒரே பக்கத்தில் முடித்துவிட்டீர்கள். பாராட்ட வார்த்தை இல்லை."

அச்சக முதலாளி அண்ணாச்சி இரண்டு முறை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாத்தியா காளி? திண்டுக்கல்லு டீச்சர் சொல்லுதாக. வார்த்தையே இல்லையாம்."

எனக்கு வயிறு வலித்தது. சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 6, செவ்வாய்

எங்கள் அச்சகத்தில் ஒரு சட்டம் உண்டு. பேராசிரியர் சங்கரபாகம் கையால் எழுதியதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது. அவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது ஒரு பதிப்பில் யாரோ ஒரு காற்புள்ளியை எடுத்துவிட்டார்களாம். அவர் அண்ணாச்சியோடு ஆறு மாதம் பேசவில்லை. அதிலிருந்து சட்டம். அவருடைய ஏழு நோட்டுகளுக்கும் ஆயுத பூஜை அன்று சந்தனம், குங்குமம் வைப்போம்.

பழைய கம்ப்யூட்டர் செத்துப்போனதால் போன வருடம் முழுப் புத்தகத்தையும் நோட்டைப் பார்த்து நான் மறுபடி தட்டச்சு செய்தேன். நூற்றுப் பன்னிரண்டாம் விடைக்குக் கீழே பேராசிரியர் "கறிவேப்பிலை, கத்தரிக்காய் கால் கிலோ" என்று எழுதியிருந்தார். கடைக்குப் போவதற்காக எழுதியதுதான். அண்ணாச்சியிடம் நோட்டைக் காட்டினேன். "எழுதியிருக்காகல்லா? அப்ப அடி" என்றார். அடித்தேன். பிறகு ஒரு பள்ளியில் இருந்து போன் வந்தது, கத்தரிக்காய் பாடத்திட்டத்தில் உண்டா என்று. "படிச்சு வைக்கச் சொல்லுங்க, வந்தாலும் வரும்" என்றார் அண்ணாச்சி.

எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. யாரோடும் பேச வேண்டாம். நோட்டில் இருப்பதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் போதும். எனக்குப் பதினேழு வயது. பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றேன். வயிற்று வலிதான் காரணம்.

ஜூன் 8, வியாழன்

அண்ணாச்சி கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். டீக்கடையில் வாசித்திருக்கிறார், சலூனில் வாசித்திருக்கிறார். இன்று வெள்ளத்துரை அச்சகத்துக்கே வந்துவிட்டார். அவர் பஜாரில் ஃபேன், மிக்சி கடை வைத்திருக்கிறார். ஊர் நலச் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர்.

"வெளிச்சத்தை முந்திட்டாகளாமே நம்ம புரொபசர்?"

"ஒன்னே முக்கால் மடங்குகிட்ட" என்றார் அண்ணாச்சி.

"ஏன்யா, இத்தனை நாள் சொல்லாம வச்சிருந்தீரு? பக்கத்து ஊர்க்காரனுக்குத் தெரிஞ்சா அவன் ஊருன்னு சொல்லிருவான். விழா எடுத்துருவோம். இருபத்தஞ்சாம் தேதி ஞாயிறு நல்ல நாளு. வாய்மொழியம்மாளக் கூப்பிட்டுப் பொன்னாடை போத்துவோம்."

குழல்வாய்மொழி அம்மாள் பேராசிரியரின் மனைவி. அவருடைய கையெழுத்து இல்லாமல் புத்தகம் அச்சுக்குப் போகாது. அண்ணாச்சிக்கு அவரைக் கண்டால் கொஞ்சம் பயம்.

பேனரில் என்ன போடுவது என்று அரை மணி நேரம் பேசினார்கள். 1.73 பார்க்க நன்றாக இல்லை, இரண்டு என்று போடுவோம் என்றார் வெள்ளத்துரை. ஓர் எழுத்தை மாற்ற விடமாட்டேன் என்றார் அண்ணாச்சி.

"சரிய்யா, ஒன்னு எழுபத்தஞ்சு. ரெண்டு பேருக்கும் பொதுவா."

"பேசாதீரும். அவுக ஆவி என்னச் சும்மா விடுமா?"

கடைசியில் 1.73 தான் நின்றது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 9, வெள்ளி

வயிற்று வலி. ஓமத் தண்ணீர் குடித்தேன்.

ஜூன் 11, ஞாயிறு

அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள். யாரும் இல்லாததால் எழுதுகிறேன்.

நாற்பத்தேழாம் கேள்வியின் விடையைப் பேராசிரியர் போடவில்லை. நான் போட்டேன்.

போன ஐப்பசி மழையில் ஓடு ஒழுகி நான்காம் நோட்டில் ஒரு பக்கம் நனைந்துவிட்டது. மை கரைந்து மேகம் மாதிரி ஆகிவிட்டது. கேள்வி மட்டும் தெரிந்தது. அது இதுதான்:

சம வேகத்தில் நேருக்கு நேர் வரும் இரண்டு புரோட்டான்கள் மோதுகின்றன. மோதிய பின் அந்த இரண்டு புரோட்டான்களும், புதிதாகப் பிறந்த ஒரு துகளும் அசையாமல் நிற்கின்றன. புதிய துகளின் நிறை புரோட்டானைப் போல் மூன்று மடங்கு. மோதுவதற்கு முன் புரோட்டானின் வேகம் என்ன?

இரண்டு நாள் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆற்றல் அழியாது, ஒன்று இன்னொன்றாக மாறும், அவ்வளவுதான் என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஓடி வந்த ஆற்றல்தான் புதுத் துகளாக ஆகியிருக்க வேண்டும். ஓடுகிற பொருளின் ஆற்றல் அரை எம் வி ஸ்கொயர். இரண்டு புரோட்டானுக்கும் சேர்த்து எம் வி ஸ்கொயர். நிறைக்குள் இருக்கும் ஆற்றல் எம் சி ஸ்கொயர் என்பது பனியன்களில் எல்லாம் போட்டிருக்கிறது. மூன்று மடங்கு நிறை என்றால் மூன்று எம் சி ஸ்கொயர். இரண்டும் சமம். வேகம், ஒளி வேகமான சி-யைப் போல் மூன்றின் வர்க்கமூலம் மடங்கு. 1.73.

அவ்வளவு அழகாக வந்தது. பேராசிரியர் நடையில் "எனவே" "ஆகவே" எல்லாம் போட்டு அடித்தேன். குழல்வாய்மொழி அம்மாள் பக்கங்களைப் புரட்டிக் கையெழுத்துப் போட்டார். மூவாயிரம் பிரதி போயிற்று. நான் பள்ளியை விட்டபோது எங்கள் பாடம் அரை எம் வி ஸ்கொயரில் நின்றிருந்தது. அதற்கு மேல் ஒன்று இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஜூன் 12, திங்கள்

பள்ளி திறந்துவிட்டார்கள். அம்மா அங்கே சத்துணவு சமைக்கிறாள். சாயங்காலம் வந்து, "உங்க பிசிக்ஸ் டீச்சர் கேட்டாக, காளிக்கு இன்னும் வயித்து வலி சரியாகலையான்னு" என்றாள்.

"நீ என்ன சொன்ன?"

"ஒன்றரை வருசமா வலிக்குதுன்னு சொன்னேன்."

தட்டை எடுத்துச் சோறு போட்டுக்கொண்டேன். சாம்பாரில் உப்பு அதிகம்.

ஜூன் 14, புதன்

சகாயமேரி டீச்சர் இன்னொரு கடிதம் எழுதியிருக்கிறார். இதில் பாராட்டு இல்லை.

"ஐயா, என் முதல் கடிதம் கிண்டல் என்பது புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். பதில் இல்லாததால் நேராக எழுதுகிறேன். இவ்வளவு வேகத்தில் அரை எம் வி ஸ்கொயர் செல்லாது. உங்கள் நூலிலேயே எண்பத்தொன்றாம் பக்கத்தில் சரியான சூத்திரம் இருக்கிறது. என் கோடைக்கால வகுப்பில் நாற்பத்திரண்டு பேர் உங்கள் விடையை மனப்பாடம் செய்துவிட்டார்கள். அச்சடித்த புத்தகம் தப்பா டீச்சர் தப்பா என்று கேட்கிறார்கள். மாதக் கடைசிக்குள் திருத்தம் அச்சடித்து அனுப்புங்கள். ஜூலை முதல் வாரத்தில் தேர்வு."

கடிதத்தைக் கீபோர்டுக்கு அடியில் வைத்தேன். ஸ்பேஸ் பார் சரியாக இறங்கவில்லை. எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஜூன் 15, வியாழன்

அன்று ஓடு ஒழுகவில்லை. நோட்டின் மேல் என் தண்ணீர் பாட்டில் கவிழ்ந்தது. மூடியை நான் சரியாகத் திருகவில்லை.

ஜூன் 17, சனி

எண்பத்தொன்றாம் பக்கத்தை நானே தட்டச்சு செய்திருக்கிறேன். ஒரு வரியும் புரியாமல் செய்திருக்கிறேன். இன்று சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து வாசித்தேன்.

நான் விட்டது இதுதான். நின்றுகொண்டிருக்கிற புரோட்டானுக்கும் ஆற்றல் உண்டு. அதன் நிறையே ஆற்றல். ஓடும்போது அந்த மொத்தமும் ஒரு எண்ணால் பெருகுகிறது. அந்த எண்ணுக்குக் காமா என்று பெயர். மெதுவாகப் போனால் காமா ஒன்றை ஒட்டி இருக்கும். வேகம் கூடக் கூட அதுவும் கூடும்.

சாயங்காலம் வீட்டில் அம்மா அரிவாள்மணையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். இரண்டு தக்காளி எதிரெதிராக ஓடி வந்து மோதுகின்றன. மோதிய பிறகு இரண்டு தக்காளியும் நசுங்காமல் அப்படியே கிடக்கின்றன. நடுவில் மூன்று தக்காளி எடையில் ஒரு பூசணிப் பிஞ்சு. அப்படியானால் முடிவில் இருப்பது ஐந்து தக்காளி. ஆற்றல் அழியாது, புதிதாகவும் வராது. ஆகவே ஓடி வந்த இரண்டு தக்காளியிலேயே ஐந்து தக்காளிக்கான ஆற்றல் இருந்திருக்க வேண்டும். ஆளுக்கு இரண்டரை. காமா இரண்டரை.

"தனியா என்னட்டி முனங்குத?" என்றாள் அம்மா.

"தக்காளி எண்ணுதேன்."

"மூணுதான் இருக்கு. ஐஞ்சு எங்கருந்து வந்துச்சு?"

காமா இரண்டரை என்றால் வேகம் 0.917. ஒளிக்குக் கொஞ்சம் பின்னால். மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் அதுதான்.

ஜூன் 18, ஞாயிறு

அம்மாவின் போன் கால்குலேட்டரில் வேறு வேகங்களைப் போட்டுப் பார்த்தேன். ஒளியில் பத்தில் ஒன்பது பங்கு வேகத்துக்குக் காமா 2.29. 0.99-க்கு 7. 0.999-க்கு 22. 0.9999-க்கு 71. ஒளியின் வேகத்தையே போட்டேன். பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்று சொல்லிவிட்டது.

ஒரு புரோட்டானை ஒளி வேகத்துக்குக் கொண்டுபோக உலகத்தில் உள்ள ஆற்றல் எல்லாம் சேர்ந்தாலும் போதாது. நான் அதையும் தாண்டி 1.73-க்குக் கொண்டுபோயிருக்கிறேன். ஒரு பக்கத்தில். "எனவே" போட்டு.

ஜூன் 20, செவ்வாய்

பேனர் வந்துவிட்டது. பேராசிரியரின் முகத்தை ஒரு ராக்கெட்டின் முனையில் ஒட்டியிருக்கிறார்கள். பின்னால் நெருப்பு. "ஒளியை முந்திய உத்தமர்". கீழே, "வெள்ளத்துரை எலக்ட்ரிக்கல்ஸ்: ஒளியை விட வேகமான மிக்சிகள்".

அண்ணாச்சியிடம் சொல்லிவிடலாம் என்று எதிரில் போய் நின்றேன். வாய் வரவில்லை. அதனால் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். "அண்ணாச்சி, நாற்பத்தேழாம் விடை நான் போட்டது. அது தப்பு. மன்னிக்கவும். காளீஸ்வரி." அவர் பேனரில் கயிறு கட்டுவது பற்றிப் போனில் பேசிக்கொண்டிருந்தார். தாளை வாசிக்காமல் கீழே "சரி" என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"என்னைக்கு லீவு?" என்றார்.

"நாளைக்கு" என்றேன்.

ஜூன் 21, புதன்

லீவு. துணி துவைத்தேன்.

ஜூன் 22, வியாழன்

குழல்வாய்மொழி அம்மாள் வீட்டில் அழைப்பிதழ் கொடுத்துவிட்டு வரச் சொன்னார் அண்ணாச்சி. அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு போனேன். அழைப்பிதழைக் கொடுத்தேன். பிறகு தாளைக் கொடுத்தேன்.

"கண்ணாடி ரிப்பேருக்குக் கொடுத்திருக்கேன் புள்ள. நீயே வாசி."

வாசித்தேன். இரண்டு வரி. வாசித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. நோட்டு நனைந்ததையும் சொன்னேன். அவர் அழைப்பிதழை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"நோட்டு நனைஞ்சிருந்தா இங்க வந்து கேட்டிருக்கலாம்லா? இன்னொரு பிரதி பீரோவுல இருக்கு. அண்ணாச்சிக்குத் தெரியுமே."

"எனக்கும் தெரியும்மா."

"அப்புறம் ஏன் வரல?"

வந்தால் பேச வேண்டியிருக்கும் என்று சொன்னேன். அது பாதிதான். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் மீதியையும் சொன்னேன். "எனக்கு ஒரு கணக்குப் போடணும்னு ஆசையா இருந்துச்சு. போர்டுல போடச் சொன்னா கை ஓடாது. அன்னைக்கு யாரும் பாக்கல."

அவர் திட்டவில்லை. தண்ணீர் கொடுத்தார். பிறகு சொன்னார்: "எனக்கு அது தப்புன்னு தெரியும்."

எனக்குப் புரியவில்லை.

"முப்பது வருசமா அவுக விடையெல்லாம் நான்தான் சத்தமா வாசிப்பேன், அவுக சரி பாப்பாக. எனக்கு இயற்பியல் ஒரு எழுத்துத் தெரியாது. ஒன்னே ஒன்னு சொல்லி வச்சிருந்தாக. வேகம் கேட்ட கணக்குல விடை ஒளியத் தாண்டுனா அங்கேயே நிப்பாட்டு, எங்கயோ வழுக்கிட்டேன்னு அர்த்தம். அண்ணாச்சி போன்ல ஒன்னு எழுபத்தி மூணுன்னு சொன்ன அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அவுகதான் வழுக்கிட்டாகன்னு நினைச்சேன். நீயின்னு தெரியாது."

"அப்ப ஏம்மா நீங்க சொல்லல?"

அவர் அழைப்பிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூணு வருசமா இந்த வீட்டு வாசல்ல அவுக பேரச் சொல்லி ஒருத்தரும் வந்து நின்னதில்ல. இந்தப் பத்து நாள்ல பதினாலு பேரு வந்துட்டாக. ஞாயித்துக்கிழமை கழியட்டும் புள்ள. அப்புறம் சொல்லிக்கிடலாம்."

சரிம்மா என்றேன். தெருமுனை வரைக்கும் அந்தச் சரி சரியாகத்தான் இருந்தது.

ஜூன் 23, வெள்ளி

திண்டுக்கல்லில் நாற்பத்திரண்டு பேர்.

ஜூன் 24, சனி

நாளை விழாவில் நாற்பத்தேழாம் கேள்வியை மேடையில் வாசிக்க வேண்டுமாம். நான் வாசிக்க வேண்டுமாம். வெள்ளத்துரைக்குப் புரோட்டான் என்பது பரோட்டா என்றுதான் வருகிறது. அண்ணாச்சிக்கு மைக்கைப் பார்த்தால் இருமல் வரும்.

"எனக்கு வயித்து வலி அண்ணாச்சி."

"பத்து வரிதானேம்மா. வலிச்சுக்கிட்டே வாசி."

ஜூன் 25, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

விழா சங்கத்துக் கட்டடத்தில் காலை பத்து மணிக்கு. எழுபது பேர் இருக்கும். பாதிப் பேர் புளியோதரைக்கு வந்தவர்கள். என் அம்மாவும் வந்திருந்தாள். வெள்ளத்துரை பேசினார். வெளிச்சம் சூரியனில் இருந்து வர எட்டு நிமிடம் ஆகும், நம் ஊர்ப் பேராசிரியர் என்றால் ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவார் என்றார். கை தட்டினார்கள். குழல்வாய்மொழி அம்மாளுக்குப் பொன்னாடை போர்த்தினார். அவர் சரிசெய்து வாங்கிய கண்ணாடியைப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

என்னைக் கூப்பிட்டார்கள். கையில் புத்தகம். எண்பத்தெட்டாம் பக்கம்.

கேள்வியை வாசித்தேன். குரல் வெளியே வரவில்லை என்று மைக்கை என் வாய்க்குள் தள்ளுகிற மாதிரி வைத்தார்கள். மறுபடி வாசித்தேன். பிறகு விடை. "இரண்டு புரோட்டான்களின் இயக்க ஆற்றல்" என்று இருந்தது. அதற்கு மேல் வாய் போகவில்லை. முதல் வரிசையில் அம்மாள் என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். வாசி என்பதற்கா, வேண்டாம் என்பதற்கா என்று தெரியவில்லை. வேண்டாம் என்றுதான் இருக்கும்.

புத்தகத்தை மூடிவிட்டு, மனதில் இருந்ததைச் சொன்னேன். மோதிய பிறகு அசையாமல் நிற்பது ஐந்து புரோட்டான் நிறை. மோதும் முன் இருந்த ஆற்றலும் அதே. ஆளுக்கு இரண்டரை. ஆகவே வேகம், ஒளியில் 0.917 பங்கு.

யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். வெள்ளத்துரை எழுந்து, "பாத்தீங்களா" என்றார்.

இறங்கிவிடலாம் என்று ஒரு காலை எடுத்தேன். இறங்கினால் இன்னும் மூவாயிரம் அச்சடிப்பார்கள்.

"ஒளியை முந்தலை" என்றேன். மைக் எனக்கே பயமாக இருந்தது. "புத்தகத்துல இருக்கிறது தப்பு. அதைப் போட்டது பேராசிரியர் இல்ல. நான்தான் போட்டேன்."

கூட்டத்தில் சிலர் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். பிறகு பின்வரிசையில் ஒருவர், "யாருலே இது, பேரு வாங்கப் பாக்குது" என்றார்.

வெள்ளத்துரை மைக்கை வாங்கினார். "பாப்பா, நீ எத்தனாவது படிச்சிருக்க?"

"பதினொன்னு பாதி."

"பதினொன்னு பாதி படிச்ச நீ வெளிச்சத்தை முந்தினியா?"

"முந்தலைய்யா. தப்பாப் போட்டேன்."

"முந்தாதவ எதுக்கு உன்னுதுன்னு சொல்லுத?"

"தப்பு என்னுது."

"செத்தவுக சாதனைய எடுக்கலாமா? அது பாவம்லா?" என்று ஓர் அம்மா கேட்டாள். ஆமாம் ஆமாம் என்றார்கள். புரோட்டான் ஒளியை முந்தியதை எல்லோரும் ஒரே நாளில் நம்பிவிட்டார்கள். நான் ஒரு கணக்குப் போட்டேன் என்பதை ஒருவர்கூட நம்பவில்லை. அண்ணாச்சி இருமிக்கொண்டிருந்தார். என் அம்மா எழுந்து நின்றுவிட்டாள், சண்டைக்கா, என்னைக் கூட்டிக்கொண்டு போகவா என்று தெரியவில்லை.

"கணக்கு உன்னுதுன்னா அத்தாட்சி என்ன?" என்றார் வெள்ளத்துரை.

என்னிடம் அத்தாட்சி இருந்தது. தாளை எடுத்துக் கொடுத்தேன். கீழே அண்ணாச்சியின் "சரி", கையெழுத்து, தேதி. வெள்ளத்துரை வாசித்தார். அண்ணாச்சியிடம் நீட்டினார். அண்ணாச்சி வாசித்தார். "இது லீவு லெட்டருல்லா" என்றார்.

அப்போதுதான் குழல்வாய்மொழி அம்மாள் எழுந்தார். பொன்னாடையைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்தார். மேடைக்கு ஏறி வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதுவரை நான் தனியாக நின்றேன்.

"இந்தப் புள்ள சொல்லுதது நிசம்" என்றார். "எங்க வீட்டுக்காரவுக ஸ்கூட்டர்லயே முப்பதைத் தாண்ட மாட்டாக. பின்னால சைக்கிள்காரன் மணியடிப்பான். அவுக எதையும் முந்துனவுக இல்ல. முந்துனதா ஒரு விடை வந்தா பேனாவ மூடிட்டு முதல் வரியில இருந்து தேடுவாக. அப்படித் தேடுனவுகன்னு சொல்லி ஒரு விழா எடுங்க, நான் வாரேன்." கொஞ்சம் நிறுத்தினார். "எனக்கும் இது தெரியும். தெரிஞ்சுதான் வந்து உக்காந்தேன்."

கண்ணாடியைக் கழற்றினார். கீழே இறங்கவில்லை, என் பக்கத்திலேயே நின்றார்.

வெள்ளத்துரைக்கு வேர்த்துவிட்டது. மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"பாயிண்ட் ஒன்பதுன்னா எவ்வளவு பின்னால?"

"நூத்துக்கு எட்டு."

"அவ்வளவுதானா?"

"ஆமா."

மைக்கைத் திறந்தார். "அன்பார்ந்த பெருமக்களே, கிட்டத்தட்ட ஒளியை முந்திய உத்தமர்" என்று சொல்லி அம்மாளுக்குப் பொன்னாடையை மறுபடியும் போர்த்தினார். கை தட்டினார்கள். புளியோதரை போட்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். கதவைத் திறந்துகொண்டே, "மைக்குல உன் குரல் நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

ஜூன் 26, திங்கள்

வேலை போய்விட்டது என்று நினைத்துத்தான் போனேன். அண்ணாச்சி என்னைப் பார்க்காமல் காகிதக் கட்டுகளை இடம் மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். சகாயமேரி டீச்சரின் இரண்டாம் கடிதத்தை மேசையில் வைத்தேன். வாசித்தார். முதல் கடிதத்தையும் பையிலிருந்து எடுத்து வாசித்தார். இந்த முறை கண்ணாடியைத் துடைக்கவில்லை.

"அப்ப இது கிண்டலா?"

"ஆமா அண்ணாச்சி."

"நல்லாத்தான் எழுதியிருக்காக."

பத்து மணிக்குக் குழல்வாய்மொழி அம்மாள் வந்தார். பிழைத்திருத்தச் சீட்டு ஒன்று அச்சடித்து எல்லாப் பள்ளிக்கும் அனுப்ப வேண்டும் என்றார். அண்ணாச்சி சரி என்றார். பேராசிரியர் எழுத்தை மாற்றவில்லை, காளி எழுத்தைத்தான் மாற்றுகிறோம், சட்டம் உடையாது என்று அவரே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்.

"ஆனா இது யாரு பிழைன்னு போடணும்" என்றார் அம்மாள்.

"பிழைக்கு எவனும் பேரு போட மாட்டானேம்மா. அச்சுப்பிழைன்னு போட்டா முடிஞ்சது."

"அச்சு என்ன செஞ்சது? எங்க வீட்டுக்காரவுக பிழை இல்லன்னு ஊருக்குத் தெரியணும். இவளுக்கும் அது அவ பிழைன்னு இருக்கணும்." என் பக்கம் திரும்பினார். "என்ன புள்ள, பேரு போடலாமா?"

"போடலாம்" என்றேன். உடனே வந்துவிட்டது.

"திருத்துனது யாருன்னும் போடணும்" என்றார்.

ஜூன் 27, செவ்வாய்

நூற்றுப் பன்னிரண்டில் கத்தரிக்காயை எடுக்கலாமா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். அது அவர் எழுத்து, தொடாதே என்றார்.

ஜூன் 30, வெள்ளி

சீட்டு வந்தது. மஞ்சள் தாள், உள்ளங்கை அளவு. மூவாயிரம். நானே தட்டச்சு செய்தேன், நானே மெய்ப்புப் பார்த்தேன், ஐந்து முறை. திண்டுக்கல்லுக்கு நாற்பத்திரண்டு சீட்டு தனியாகக் கட்டி, டீச்சருக்கு ஒரு கடிதமும் வைத்தேன். அதில் என் பெயரை முழுதாக எழுதினேன்.

ஒரு சீட்டை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அடுப்பு வெளிச்சத்தில் பிடித்து வாசித்தாள்.

"பக்கம் எண்பத்தெட்டு, கேள்வி நாற்பத்தேழு. வேகம் 1.73 என்பதை 0.917 எனத் திருத்திக்கொள்ளவும். முழு விடை பின்புறம். பிழை: கா. காளீஸ்வரி. திருத்தம்: கா. காளீஸ்வரி."

"ரெண்டு தடவை போட்டிருக்காகளே, தெரியாமயா?"

"இல்லம்மா. தெரிஞ்சுதான்."

இன்னொரு தடவை முதலில் இருந்து வாசித்தாள். என் பெயர் வந்த இரண்டு இடத்திலும் விரலை வைத்து வைத்து வாசித்தாள். பிறகு ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, திங்கட்கிழமை பள்ளிக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பிசிக்ஸ் டீச்சரிடம் கொடுக்க இன்னும் ஒன்று கிடைக்குமா என்று கேட்டாள்.